லண்டன் மூழ்குகிற படமும் என் உரக்கடையும்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி, இரவு 9.50

ஓசூர் நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்வியை முதலில் அப்படியே போட்டுவிடுகிறேன்.

"2007இல் வந்த 'ஃப்ளட்' (Flood) என்கிற அந்த லண்டன் வெள்ளப் படத்தை நேற்றுதான் பார்த்தேன். ஸ்காட்லாந்துப் பக்கம் அடிக்கிற புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து தேம்ஸ் ஆற்றுக்குள் ஏற்றுகிறது, ஆற்றின் குறுக்கே கட்டியிருக்கிற கதவுத் தடுப்பையும் தாண்டிவிடுகிறது. சுத்தப் புருடா. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் வராது. அதுவும் கடலே இல்லாத நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் இதைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்?"

கடல் இல்லை, சரி. தண்ணீர் சீக்கிரம் வராது என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. எனக்கு ஊத்தங்கரையில் உரக்கடை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊர் முழுகிய பிறகு என் முன்னால் யாரும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி, இரவு 11.30

பார்த்தாயிற்று, அப்பாவோடு. இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா ஒரு அணையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்காக: லஸ்கர் என்றால் மதகைத் திறக்கிற, மூடுகிற, அளவு பார்த்து எழுதிவைக்கிற ஆள். எந்த அணை என்று கேட்க வேண்டாம். சின்ன அணைதான்.

படம் ஓடுகிறது. அலை எழும்புகிறது, பாராளுமன்றத்துப் பக்கம் தண்ணீர் பாய்கிறது, சுரங்க ரயில் பாதைக்குள் ஜனங்கள் மூச்சுத் திணறுகிறார்கள். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் மூன்று தடவை கேட்டார்: "அந்த ஷட்டருக்குக் கடைசியா எப்ப க்ரீஸ் வச்சாங்க?"

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக எச்சரித்துக்கொண்டிருந்த வயசான விஞ்ஞானி, அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவர் மகன் ஒரு பொறியாளர், அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துவராது. மகனைப் பிரிந்த மனைவிதான் அந்தத் தடுப்பை நிர்வகிப்பவர். மொத்தக் குடும்பமும் ஒரே மதகில்! இதற்கும் அப்பா ஒரு வார்த்தை சொன்னார்: "நம்ம குவார்ட்டர்ஸ்லயும் அப்படித்தான் இருந்தோம்."

ஆகஸ்ட் 2, இரவு 11.55

விட்டுப்போனது. என் முதல் அபிப்பிராயம்: அலைதான் பொய். வெள்ளம் சுவர் மாதிரி எழுந்து நின்றுகொண்டு வராது. எங்கள் தெருவில் அது சத்தமில்லாமல் வந்தது. விடியற்காலையில் பாத்ரூம் குழியிலிருந்து பின்பக்கமாக ஏறி, முன்வாசலுக்கு அப்புறம்தான் வந்தது. கேமராவுக்கு அது போதாது, தெரிகிறது. சாக்கடை நாற்றத்தைத் திரையில் காட்டவும் முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, மதியம்

இன்று ஆடிப்பெருக்கு. தென்பெண்ணை ஓடுகிற அனுமன்தீர்த்தத்தில் தலை முழுகிவிட்டு வந்து எழுதுகிறேன், முடி இன்னும் காயவில்லை. வெள்ளம் வருகிற மாசத்தில் ஆற்றைக் கும்பிடப் போகிற ஊர் நாங்கள், அதையும் லண்டன்காரனிடம் சொல்ல வேண்டும்.

ஓசூர் நண்பருக்கு: புருடா இல்லை. 1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு, வட கடலில் இது நடந்திருக்கிறது. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறையும். ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். அதன் மேல் வடக்கிலிருந்து அடிக்கிற காற்று தண்ணீரைத் தெற்கே தள்ளுகிறது. வட கடல் தெற்கே போகப் போகக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே போகிற புனல். தள்ளின தண்ணீர் எங்கே போகும்? மேலேதான் ஏறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறுமே, அந்தப் பெருக்கு நாளும் அன்றைக்குச் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் 307 பேர், நெதர்லாந்தில் 1,800க்கும் மேல்.

இதில் எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம் ஒன்று. லண்டனுக்கு வடக்கே இருக்கிற லிங்கன்ஷயர் கரையில் சாயங்காலம் 7 மணி வாக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கிற கேன்வி தீவில் ஏறினது நள்ளிரவுக்கு மேல், 1 மணி வாக்கில். நடுவில் ஐந்தாறு மணி நேரம் இருந்தது! மேலே முழுகினவனிடமிருந்து கீழே தூங்கினவனுக்குச் சேதி போகவில்லை. வார விடுமுறை, தந்திக் கம்பியும் டெலிபோன் கம்பியும் சாய்ந்துவிட்டன, யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு ஏற்பாடே இல்லை. கேன்வியில் மட்டும் ஐம்பதுக்கு மேல் செத்தார்கள்.

படத்தில் இந்த ஐந்து மணி நேரம் ஐந்து நிமிஷமாகிவிடுகிறது. எனக்குப் படத்தின் மேல் இருக்கிற கோபம் இதுதான், அலை இல்லை.

ஆகஸ்ட் 3, சாயங்காலம்

நேற்று அப்பா கேட்டதற்குப் பதில் கிடைத்தது. தேம்ஸ் தடுப்பை மாசம் ஒரு தடவை மூடிப் பார்க்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய பெருக்கு சமயத்தில் முழுசாக மூடிச் சோதிக்கிறார்கள். 1982இலிருந்து வேலை செய்கிறது, எலிசபெத் ராணி முறைப்படி திறந்தது 1984இல். இதுவரை நிஜமான ஆபத்துக்காக 200 தடவைக்கு மேல் மூடியிருக்கிறார்கள். ஆற்றின் அகலம் அங்கே 520 மீட்டர்; பெரிய கதவு ஒவ்வொன்றும் 61 மீட்டர், 3,000 டன்னுக்கு மேல். சும்மா இருக்கும்போது ஆற்றின் அடியில் படுத்துக்கிடக்கும், கப்பல் மேலே போகும். வேண்டும்போது உருண்டு எழும். வீட்டு கேஸ் அடுப்பின் திருகைப் பார்த்துத்தான் ஒரு பொறியாளருக்கு இந்த யோசனை வந்ததாம்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "மாசம் ஒரு தடவையா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள்: தருமபுரிக்காரனுக்கு எதற்கு வெள்ளப் படம், வறட்சிப் படம் போதாதா என்று. நியாயம். கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் வெள்ளைப் பல்லோடு போட்டோவுக்குச் சிரிக்கிறார்கள். காவிரி பக்கத்திலேயே ஓடும், குடம் காலியாக இருக்கும், அப்படிப்பட்ட ஊர். ஒகேனக்கல்லில் தண்ணீர் அதிகம், பரிசலுக்குத் தடை என்று செய்தி வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான் முதலில் வரும்.

அதனாலேயே எங்களுக்கு வெள்ளத்தைப் பற்றிய பயம் பழக்கத்தில் இல்லை. ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி வழிகிறது, என்றால் ஊரே பார்க்கப் போகும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நானும் போயிருக்கிறேன். 2024 டிசம்பர் 1 ஞாயிறு ராத்திரியும் அப்படித்தான், மழை பெய்யட்டும், நல்லதுதான் என்று படுத்தேன். மறுநாள் கணக்கில் ஊத்தங்கரை 50 சென்டிமீட்டர். ஃபெஞ்சல் புயல் கரை ஏறி உள்ளே வந்து எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். கடலிலிருந்து இத்தனை தூரத்தில்!

ஒரு ஏக்கரில் 50 சென்டிமீட்டர் என்றால் 20 லட்சம் லிட்டர். ஊத்தங்கரையைச் சுற்றி எத்தனை ஆயிரம் ஏக்கர், அதெல்லாம் எந்த ஏரிக்கு வடியும், அந்த ஏரிக்கு எந்தக் கோடி என்று அப்பா அன்றைக்கு ராத்திரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, கொஞ்சம் கழித்து

கடையைப் பற்றிக் கேட்டவருக்கு. உள்ளே 60 மூட்டை யூரியா இருந்தது, மூட்டைக்கு 45 கிலோ. பொட்டாஷ், காம்ப்ளெக்ஸ் தனி. விடிந்து ஷட்டரைத் தூக்கினபோது (கடை ஷட்டர்!) இடுப்பளவு தண்ணீர், காலை வைத்தால் ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி. யூரியா கரைந்தால் தண்ணீர் குளிர்ந்துபோகும், அது எனக்குப் பாடமாகத் தெரியும், ஆனால் என் சொந்தப் பணம் கரைந்து என் காலைக் குளிரவைக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. வெளியே மழைத்தண்ணீர் வெதுவெதுப்பு, உள்ளே குளிர். வாசற்படியில் நின்றால் ஒரு கால் டிசம்பரிலும் ஒரு கால் ஊட்டியிலும்.

தண்ணீர் வடிந்த பிறகு சாக்குகள் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரித் தட்டையாகக் கிடந்தன. மேலே அச்சடித்த விலை தெளிவாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

பக்கத்து வீட்டு அக்கா இதைப் படித்துவிட்டார். என் யூரியாத் தண்ணீர் பாய்ந்துதான் அவர் வீட்டு முருங்கை பட்டுப்போனது என்று எட்டு மாசம் கழித்து நஷ்ட ஈடு கேட்கிறார். அதே தண்ணீர் பாய்ந்த இடத்தில் தை மாசத்துக்கு அப்புறம் புல் ஆள் உயரம் வளர்ந்து அவர் மாடு மேய்ந்ததைச் சொன்னேன். பேச்சு நின்றது. ஒரு சொம்பு மோர் வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

திருத்தம், பெரிய திருத்தம். 2ஆம் தேதி அலை பொய் என்று எழுதினேன். அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆற்றுக்குள் நின்று பார்த்தவனுக்கு அது வேறு என்கிறார்.

காய்ந்த ஆற்றில் மேலே திறந்துவிட்ட தண்ணீர் முதலில் வருகிற விதம்: முன்னால் நுரையும் சருகும் குச்சியும் செத்த எலியும் ஒரு முழ உயரத்துக்குச் சுருட்டிக்கொண்டு வரும், சத்தம் லாரி மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு முழத்தைப் பார்த்து இவ்வளவுதானே என்று நிற்பவன்தான் போவான், ஏனென்றால் அதற்குப் பின்னால் வருகிறது ஆள் உயரம். எனக்கு இது தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்தது ஏரியும் ஓடையும் நிரம்பி வடிந்த தண்ணீர், அது மெதுவாக ஏறும். ஆனால் அதே காலையில் எங்கள் பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டுபோன வீடியோவை நாடே பார்த்தது. முந்நூறு நானூறு மீட்டர் தள்ளியிருக்கிற என் தெருவில் சத்தமில்லை. ஒரே ஊர், ஒரே காலை, இரண்டு விதத் தண்ணீர். ஆக அலை பொய் என்று நான் சொன்னது என் தெருவுக்கு மட்டும் உண்மை.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் எட்டு ஷட்டரில் ஒன்று உடைந்ததே, அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரம். அப்போது அப்பா டி.வி. முன்னால் எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. 1950களில் கட்டின அணை, 52 அடி. "நாங்க சின்ன அணைக்காரங்க, இருந்தாலும் சங்கிலியோட சத்தம் காதுல கேக்குதுடா" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா சொன்ன ஒரு கதையையும் எழுதிவிடுகிறேன், அவர் சம்மதத்தோடு. நான் ஆறாவது படித்த வருஷம். கோடையில் ஆற்று மணலில் குடிசை போட்டு வெள்ளரி, தர்பூசணி வைப்பார்கள். காவலுக்கு ராத்திரி அங்கேயே படுப்பார்கள். திடீர்க் கோடை மழை, மேலே நீர்வரத்து ஏறுகிறது, மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சங்கு ஊத வேண்டும், ஊதினார். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்பா கூட இருந்தவரை அளவுக்கோல் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டார்ச்சோடு சைக்கிளில் கரையோரமாகப் போய் ஒவ்வொரு குடிசையாக எழுப்பினார். திரும்பி வந்து திறக்க அரை மணி தாமதம். அந்த அரை மணிக்கு மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "பல்சக்கரம் இறுகிப்போச்சு, க்ரீஸ் வச்சேன்னு எழுதினேன்."

படம் பார்த்த அன்று அவர் மூன்று தடவை கேட்டது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஓசூர் நண்பர் திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை கொஞ்சம் இறங்கி. அவர் சொல்வது: லண்டன் கதவு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க, நம் கதவு தண்ணீரை வெளியே விட, இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சரியில்லை. நல்ல வாதம். நானும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன்: அவன் மூடினால் எல்லோரும் பிழைப்பார்கள், நாம் திறந்தால் கீழே இருப்பவன் போவான், அதனால்தான் அவனால் ஹீரோ படம் எடுக்க முடிகிறது என்று.

முழுக்க அப்படியும் இல்லை. தேம்ஸ் தடுப்பை மூடின தடவைகளில் ஏறக்குறைய பாதி கடலுக்காக மட்டும் இல்லை, ஆற்று வெள்ளத்துக்காகவும். மேலே மழை பெய்து ஆறு நிரம்பி வரும்போது, கடல் இறங்கியிருக்கிற நேரம் பார்த்துக் கதவை மூடிவிடுவார்கள். கடல் ஏறி உள்ளே வராது, மேலேயிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீருக்குத் தங்க இடம் கிடைக்கும். 2013–14 குளிர்காலத்தில் மட்டும் 50 தடவை மூடினார்கள். நேரம் பார்த்து மூடுவதும் நேரம் பார்த்துத் திறப்பதும் அப்பாவுக்கு ஒரே வேலைதான்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை 2015. செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1 ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விட்டார்கள். இது மனிதர்களால் வந்த பேரிடர் என்று மத்தியத் தணிக்கைத் துறையே அப்புறம் எழுதியது. சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்த என் சித்தி மகன் முதல் மாடியில் இரண்டு நாள் பிஸ்கட்டில் ஓட்டினான்.

ஆகஸ்ட் 12, ராத்திரி

இன்னொன்று. ஓசூர்க்காரரே, நீங்கள்தான் தென்பெண்ணையின் மேல்மடை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூர் சாக்கடையை வாங்கி, கெலவரப்பள்ளி அணையில் உங்கள் கண் முன்னால் நுரையாகப் பொங்கி, கிருஷ்ணகிரி அணை தாண்டி, எங்கள் அனுமன்தீர்த்தம் வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போய், கடைசியில் கடலூரில் கடலைப் பார்க்கிறது. நுரை வந்தால் நாங்கள் உங்களைத் திட்டுகிறோம், நீங்கள் பெங்களூரைத் திட்டுகிறீர்கள். எங்களைத் திட்டுகிற ஆட்களும் கீழே இருக்கிறார்கள், அதை நாங்கள் நினைப்பதில்லை.

ஃபெஞ்சல் அன்றைக்கு எங்கள் ஊரில் விழுந்ததெல்லாம் பாம்பாறு வழியாகவும் பெண்ணை வழியாகவும் சாத்தனூருக்குத்தான் போயிற்று. அங்கிருந்து நள்ளிரவு தாண்டி வினாடிக்கு 1,68,000 கன அடி விட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. விழுப்புரம், கடலூர் கரையில் இருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தோம் என்றார்கள். 1,68,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி வினாடிக்கு 40.

அன்று காலை 7 மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். திருக்கோவிலூரில் எனக்கு ஒரு உர வியாபாரியைப் பத்து வருஷமாகப் பழக்கம், கரையோரக் கடை. போன் பண்ணத் தோன்றவே இல்லை. லிங்கன்ஷயர்க்காரனைப் பற்றி மேலே பெரிதாக எழுதினேனே.

ஆகஸ்ட் 13, புதன்

லாரிக் கணக்கு தப்பு. ஒரு கன அடி 28.3 லிட்டர். 1,68,000 கன அடி 47 லட்சம் லிட்டருக்கு மேல். வினாடிக்கு 40 லாரி இல்லை, ஏறக்குறைய 400. ஒரு சைபரை விட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, பத்தாவது படிக்கிற என் மகள்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நம் ஆட்கள் இதே கதையை இங்கே எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். ஹீரோ ஒரு கையால் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வில்லனை அடிக்கிறார், ஒகேனக்கல் பாறையில் ஒரு பாட்டு, மாங்கூழ் ஃபேக்டரி ஓனர் ஏரியை ஆக்கிரமித்தவர், எல்லாம் சரி. அந்தப் பாத்திரத்துக்கு எங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், நடிக்கவே வேண்டாம்.

நான் கேட்பது ஒரே ஒரு காட்சி. டார்ச்சு, சைக்கிள், மழை, ஒரு ஆள் ஒவ்வொரு குடிசையாகக் குனிந்து குனிந்து எழுப்புகிறான். பத்து நிமிஷம் ஓடட்டும். பாட்டு வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னேன். "எல்லாரும் எந்திரிக்கலடா, ஒருத்தன் சாராயத்துல கெடந்தான், அவனைத் தோள்ல போட்டுத்தான் மேட்டுக்குக் கொண்டாந்தேன், அதையும் வை" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருக்கோவிலூர் வியாபாரியோடு போன வாரம் பேசினேன். அன்றைக்கு அவர் கடையில் தோள் உயரம் தண்ணீர் நின்றதாம், யூரியா எண்பது மூட்டை. "நீங்க ஒரு போன் போட்டிருக்கலாமே" என்று அவர் சொல்லவில்லை. "உங்க கடையிலும் தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?" என்றுதான் கேட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் ஆற்றோரக் கடைக்காரர்கள் பதினேழு பேர் நம்பரை வாங்கி மேலிருந்து கீழாக வரிசை போட்டிருக்கிறோம். கெலவரப்பள்ளிப் பக்கம் ஆள் இல்லை. ஓசூர்க்காரரே, பார்த்துச் சொல்லுங்கள்.

இன்று அப்பாவைக் கிருஷ்ணகிரி அணைக்கு மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப் போனேன். தட்டு வந்து ஆறிக்கொண்டிருக்கிறது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஷட்டர் பக்கமே பார்த்தார். உடைந்ததற்குப் பதிலாகப் போட்டது எது என்று கேட்டார், காட்டினேன். கம்பி வடம் வெயிலில் கறுப்பாக மின்னியது.

"வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்தார்.